ஒரே வசனம், இரண்டு விளக்கம்: ஆதித் திருச்சபை சரியான பொருளை எப்படித் தீர்மானித்தது?

வைகைக்கரை:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 'வேதத்தில் எழுதியிருக்கிறது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு இல்லை என்ற எண்ணம் நம் சபைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எதிர்த்தரப்பும் அதே வேதத்திலிருந்து, சில நேரங்களில் அதே வசனத்தையே எடுத்துக் காட்டினால் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி. கி.பி. 180-ஆம் ஆண்டையொட்டி, இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில் ஆயராக இருந்த இரனேயு இதே கேள்வியை எதிர்கொண்டுதான் 'தப்பறைகளுக்கு எதிராக' என்ற தம் பெருநூலை ஐந்து பகுதிகளாக எழுதினார்.

அவர் எதிர்த்த, வாலண்டினுஸ் என்ற போதகரைப் பின்பற்றிய கூட்டத்தார் வேதத்தை ஒதுக்கியவர்கள் அல்லர். தெய்வீக நிறைவு என்பது ஏயோன்கள் எனப்படும் முப்பது ஆற்றல்களால் ஆனது என்று போதித்த அவர்கள், அதற்கு வசன ஆதாரமும் வைத்திருந்தார்கள். இயேசு ஊழியம் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது என்று லூக்கா எழுதியிருக்கிறார். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு ஆட்களை அழைத்த வீட்டெஜமான் முதலாம், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், பதினோராம் மணி வேளைகளில் வெளியே போகிறான். அந்த ஐந்து எண்களையும் கூட்டினால் முப்பது வருகிறது. கணக்கில் பிழை இல்லை.

இரனேயு அந்தக் கூட்டலோடு மல்லுக்கட்டவில்லை. தேர்ந்த கலைஞன் ஒருவன் விலையுயர்ந்த கற்களைப் பதித்து ஓர் அரசனின் உருவத்தை அமைத்திருக்க, மற்றொருவன் அதே கற்களைப் பெயர்த்து நாயாகவோ நரியாகவோ மாற்றி அடுக்கிவிட்டு, 'இதுதான் அந்த அரசன். கற்கள் அவையேதானே' என்று அறியாதவர்களை ஏமாற்றுவதைப் போன்றது இது என்று சொன்னார். ஹோமருடைய காவியங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடிகளைப் பொறுக்கி, ஹோமர் பாடாத ஒரு கதையைக் கோத்துக் காட்டும் வழக்கத்தையும் எடுத்துக்காட்டாகத் தந்தார். ஹோமரை முழுதும் படித்தவன் ஒவ்வோர் அடியும் யாரைப் பற்றியது என்று அறிந்து அதனதன் இடத்தில் வைத்துவிடுவான். அதுபோல ஞானஸ்நானத்தின்போது பெற்ற 'சத்தியத்தின் பிரமாணத்தை', அதாவது விசுவாசத்தின் சுருக்கத்தை, மாறாமல் பற்றியிருப்பவன் கற்களை அடையாளம் காண்பான், ஆனால் நரியை அரசனென்று ஏற்கமாட்டான் என்பது அவர் வாதம்.

ஆகவே சரியான விளக்கம் என்பது தனி வசனத்தைப் பற்றிய கேள்வியே அன்று, முழு உருவத்தைப் பற்றிய கேள்வி என்பதை இரனேயு நிலைநாட்டிவிட்டதாகவே நான் கருதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பொருநை:

சகோதரர் வைகைக்கரைக்கு நன்றி. எனக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது, இது சுற்றி வளைத்து அதே இடத்துக்கு வருகிற வாதம் அல்லவா? வேதத்திலிருந்து பிரமாணம் எடுக்கப்படுகிறது; பிறகு அந்தப் பிரமாணத்தைக் கொண்டே வேதம் அளக்கப்படுகிறது. அரசனின் உருவம் எப்படி இருந்தது என்பதே வழக்காக இருக்கும்போது, 'எனக்குத் தெரியும், அது அரசன்' என்று ஒரு தரப்பு சொல்வது எப்படித் தீர்ப்பாகும்?

இரண்டாவது, மரபு எங்களிடம்தான் இருக்கிறது என்று மறுதரப்பும் சொன்னது. வாலண்டினுஸின் வழியில் வந்த தொலெமேயு, பிளோரா என்ற பெண்மணிக்கு எழுதிய கடிதம் நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. மோசேயின் சட்டத்தில் எது கடவுளுடையது, எது மோசேயினுடையது, எது மூப்பர்கள் சேர்த்தது என்று நிதானமாகப் பிரித்துக்காட்டும் அந்தக் கடிதத்தின் முடிவில், வழிவழியாக நாங்களும் பெற்றிருக்கிற அப்போஸ்தல மரபு என்றே அவர் எழுதுகிறார். பவுலின் சீடரான தெவுதா என்பவரிடம் வாலண்டினுஸ் பாடம் கேட்டதாக அவருடைய ஆட்கள் சொல்லிவந்ததை அலெக்சாந்திரியாவின் கிளமெந்து பதிவு செய்திருக்கிறார். இரு தரப்பிடமும் ஒரே வகைப் பத்திரம் இருக்கும்போது எதை ஏற்பது?

ஏட்டுவாசகர்:

பொருநை அவர்களின் இரண்டாவது தடைக்கு இரனேயுவே பதில் சொல்லியிருக்கிறார். அவருடைய வாதம் 'எங்களிடம் மரபு இருக்கிறது' என்பதோடு நிற்கவில்லை. எங்களுடைய மரபு வெளிப்படையானது, எவரும் வந்து சரிபார்க்கக்கூடியது என்பதே அதன் உயிர்நாடி. திருத்தூதர்களுக்கு மறைவான உண்மைகள் தெரிந்திருந்து, அவற்றைத் தேர்ந்த சிலருக்கு மட்டும் தனியே கற்பித்திருந்தால், தங்கள் சபைகளையே யாரிடம் ஒப்படைத்தார்களோ அவர்களிடமே முதலில் அவற்றைச் சொல்லியிருப்பார்கள் அல்லவா என்று மூன்றாம் நூலில் கேட்கிறார். உரோமைச் சபையின் ஆயர்களை லீனுஸ் தொடங்கித் தம் காலத்து எலூத்தேரியுஸ் வரை பெயர் பெயராக வரிசைப்படுத்துகிறார். தாம் இளைஞராக இருந்தபோது ஸ்மிர்னாவில் நேரில் கண்ட, திருத்தூதர்களிடம் கற்ற ஆயர் பொலிக்கார்ப்புவைச் சான்றாக அழைக்கிறார். தொலெமேயுவின் மரபுக்கு இப்படி ஊரறிந்த முகவரி கிடையாது. ஒரு தெருவில் பத்துப்பேர் முன்னிலையில் வாசிக்கப்பட்ட உயிலுக்கும், தனியறையில் காதில் சொல்லப்பட்டதாகக் கூறப்படும் உயிலுக்கும் உள்ள வேறுபாடு இது.

முதல் தடைக்கும் ஒரு வரலாற்று விடை இருக்கிறது. புதிய ஏற்பாடு ஒரே தொகுப்பாக மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே அந்த விசுவாசச் சுருக்கம் திருமுழுக்குப் பெறுவோருக்கு வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. காகிதமும் மையும் இல்லாமலே இந்த விசுவாசத்தை இதயத்தில் எழுதிக்கொண்ட, கிரேக்கம் அறியாத இனத்தார் பலர் இருக்கிறார்கள் என்று இரனேயு சொல்வது இதைத்தான் காட்டுகிறது. ஆகவே பிரமாணம் புத்தகத்திலிருந்து பிழிந்தெடுத்த சாறு அன்று. இரண்டுமே ஒரே போதனையிலிருந்து வந்து, ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

பொருநை:

வெளிப்படையான மரபு என்ற வாதத்தின் வலிமையை ஏற்கிறேன். ஆனால் அதே இரனேயு, அதே மரபின் பெயரால், இயேசு ஐம்பது வயதை நெருங்கும்வரை போதித்தார் என்று இரண்டாம் நூலில் எழுதியிருக்கிறாரே! 'உனக்கு இன்னும் ஐம்பது வயதாகவில்லையே' என்ற யோவான் 8:57-ஐ அடிப்படையாகக் கொண்டு, ஆசியாவில் யோவானோடு பழகிய மூப்பர்கள் எல்லாரும் இதற்குச் சாட்சி என்றும் சேர்த்துச் சொல்கிறார். முப்பது என்ற எண்ணை வாலண்டினுஸ் கூட்டத்தார் பயன்படுத்தியதால், அந்த எண்ணையே தகர்த்துவிட வேண்டும் என்ற வேகத்தில் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது என் ஊகம். திருச்சபை அதைப் பின்பற்றவில்லை. மூப்பர்கள் சொன்னார்கள் என்பது மட்டுமே போதுமான அளவுகோலாக இருந்ததில்லை என்பதற்கு இதுவே சான்று.

வைகைக்கரை:

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது என் கருத்துக்கு வலுவே சேர்க்கிறது. ஆண்டவருடைய வயது அந்தப் பிரமாணத்தின் பகுதியாக ஒருபோதும் இருந்ததில்லை. வானத்தையும் பூமியையும் படைத்த ஒரே தேவன், நம் இரட்சிப்புக்காக மாம்சமான அவருடைய குமாரன், தீர்க்கதரிசிகள் மூலம் பேசிய ஆவியானவர், குமாரனின் பாடும் உயிர்த்தெழுதலும், வரப்போகும் நியாயத்தீர்ப்பு, இவ்வளவுதான் முதல் நூலின் பத்தாம் அதிகாரத்தில் அவர் தரும் சுருக்கம். ஜெர்மானியாவிலும் ஸ்பெயினிலும் கெல்த்தியரிடமும் எகிப்திலும் லிபியாவிலும் சபைகள் இதையே நம்புகின்றன என்று அவர் சொல்வதும் இந்தச் சுருக்கத்தைப் பற்றித்தான். அதற்கு வெளியே அவர் சொன்னவை அவருடைய கருத்துகள்.

மறைநூல்மாணவி:

ஐயா, நான் இந்தப் பொருளைப் புதிதாகப் படித்துவருகிறேன். ஒரு சந்தேகம். முப்பதைக் கூட்டியது தவறு என்றால், பர்னபாவின் நிருபம் எனப்படும் பழைய நூலில் வருவது மட்டும் எப்படிச் சரியாகும்? ஆபிரகாமின் வீட்டாட்கள் 318 பேர் என்ற ஆதியாகமக் கணக்கை எடுத்துக்கொண்டு, கிரேக்க எழுத்தெண்ணில் 18 என்பது இயேசுவின் பெயருடைய முதல் இரண்டு எழுத்துகள், 300 என்பது சிலுவை வடிவ எழுத்து, ஆகவே ஆபிரகாம் அன்றே சிலுவையைக் கண்டார் என்கிறது அந்நூல். அலெக்சாந்திரியாவின் கிளமெந்தும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். முறை ஒன்றாகத்தானே இருக்கிறது?

ஏட்டுவாசகர்:

அருமையான கேள்வி, சகோதரி. முறை ஒன்றுதான், அதை மழுப்பத் தேவையில்லை. இரனேயு இதற்கு ஒரு கோடு வகுத்திருக்கிறார்: எண்ணிலிருந்து கோட்பாடு பிறக்கக்கூடாது, கோட்பாட்டுக்குள் எண் அடங்க வேண்டும். சிலுவை என்ற செய்தி ஏற்கெனவே எல்லாரும் அறிந்து அறிக்கையிட்ட ஒன்று. 318 அதை உருவாக்கவில்லை, அலங்கரித்தது. முப்பது ஏயோன்களோ அந்தக் கூட்டலுக்கு வெளியே திருமறையில் எங்குமே இல்லை. எனவே பர்னபாவின் விளக்கம் கேடு விளைவிக்காதது என்று சொல்லலாம். ஆனால் ஆதியாகமத்தை எழுதியவர் எண்ணியது அதுதான் என்று சொல்ல அந்தக் கோடு நமக்கு உரிமை தரவில்லை. பிழையற்ற விசுவாசமும் பிழையற்ற வாசிப்பும் இரண்டு வேறு பொருள்கள்.

இங்கே தெர்த்துல்லியனையும் சொல்லியாக வேண்டும். கி.பி. 200-ஐயொட்டிக் கார்த்தேஜில் எழுதிய அவர், வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே எதிராளிக்கு வழக்காடும் உரிமை இல்லை என்று எழுப்பும் உரோமச் சட்டத் தடையை இறையியலுக்குள் கொண்டுவந்தார். திருமறை யாருடைய சொத்து என்பது முதலில் முடிவாகட்டும், அதுவரை வசனத்துக்கு வசனம் வாதாடுவதால் வயிற்றுவலியும் தலைவலியும்தான் மிஞ்சும் என்பது அவர் நிலை. லூக்கா நற்செய்தி ஒன்றையும் பவுலின் பத்துத் திருமுகங்களையும் மட்டும், அவற்றையும் வெட்டித் திருத்தி வைத்துக்கொண்ட மார்சியோன் என்ற போதகன் கத்தியைப் பயன்படுத்தினான். வாலண்டினுஸோ நூலை விட்டுவைத்துப் பொருளைத் திருகினான் என்று அவர் பிரித்துக்காட்டியது கூர்மையான பார்வை. ஆனால் தடை மனு போட்டு வாதத்தை மறுக்கும் முறை எனக்கு உவப்பானது அன்று. அவரே பின்னாளில் மொந்தானுஸின் புதிய தீர்க்கதரிசன இயக்கத்தில் சேர்ந்தபோது, ஆயர்களின் திருச்சபையையே எதிர்த்து எழுதினார்.

பொருநை:

மார்சியோனைக் குறிப்பிட்டதால் இதைச் சொல்கிறேன். அவன் பழைய ஏற்பாட்டை எழுத்துப்படி மட்டுமே வாசித்தான். உருவகப் பொருள் கொள்ள மறுத்தான். போர்களையும் தண்டனைகளையும் அப்படியே வாசித்து, இந்தக் கடவுள் இயேசுவின் தந்தையாக இருக்க முடியாது என்று முடிவு கட்டினான். எழுத்துப்படி வாசிப்பதே பாதுகாப்பான வழி என்று இன்று பிரசங்க பீடங்களில் சொல்லப்படுவதை அவன் கதை உடைத்துவிடுகிறது. அதனால்தான் மூன்றாம் நூற்றாண்டு அலெக்சாந்திரிய அறிஞர் ஒரிகனுக்கு உரிய மதிப்பை நாம் தர வேண்டும் என்கிறேன்.

'முதற்கொள்கைகள்' என்ற நூலின் நான்காம் பகுதியில் ஒரிகன் முன்வைக்கும் வழியை நேரடியாகப் பாருங்கள். மனிதனுக்கு உடல், ஆன்மா, ஆவி இருப்பதுபோல வேதத்துக்கும் மூன்று நிலைப் பொருள் உண்டு என்கிறார். சூரியன் படைக்கப்படுவதற்கு முன் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன, கடவுள் ஒரு தோட்டக்காரனைப் போல மரம் நட்டார் என்று யார் நம்புவார், பெர்சியரும் இந்தியரும் ஆளும் நாடுகளையெல்லாம் ஊனக்கண்ணால் காணும்படியான உயர்ந்த மலை எங்கே இருக்கிறது என்று அடுக்கிக் கேட்கிறார். எழுத்தளவில் பொருந்தாத இத்தகைய இடங்கள் வாசகனை நிறுத்தி, ஆழமான பொருளைத் தேடவைக்க ஆவியானவரே வைத்த தடைக்கற்கள் என்பது அவர் முடிவு. எழுத்தை அவர் அலட்சியம் செய்ததாகச் சொல்வது அநியாயம். எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் அருகருகே வைத்து ஒப்பிட்ட 'எக்ஸாப்லா'வைத் தொகுத்தவர் அவர். எழுத்துக்கு எழுத்து அவ்வளவு பாடுபட்டவர் வேறு யார்?

வைகைக்கரை:

ஒரிகனுடைய உழைப்பின் முன் நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த வழி திறந்துவிட்ட கதவை அந்தியோகியாவின் ஆசிரியர்கள் மூட முயன்றதற்குக் காரணம் இருந்தது. தர்சு நகரத்துத் தியோதோரும் அவருடைய மாணவரான மொப்சுவெஸ்தியாவின் தெயதோரும், வரலாறு என்ற அடித்தளம் போய்விட்டால் மீட்பே கதையாகிவிடும் என்று அஞ்சினார்கள். ஆதாம் ஆதாம் இல்லை, பரதீசு பரதீசு இல்லை, சர்ப்பம் சர்ப்பம் இல்லை என்று எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறார்களே என்று கலாத்தியர் உரையில் தெயதோர் வருந்துகிறார். கலாத்தியர் 4-இல் ஆகாரையும் சாராளையும் பவுலே ஞான அர்த்தமாகக் கொள்கிறாரே என்ற கேள்வி அவர்களுக்கு முள்ளாகக் குத்தியது. அதற்கு அவர்கள் தந்த விடை, பவுல் அந்தப் பெண்கள் வாழ்ந்ததை மறுக்கவில்லை, நடந்த நிகழ்வை நடந்ததாகவே வைத்துக்கொண்டு ஒப்புமை காட்டுகிறார் என்பதாகும். வேதம் ஓர் உருவகத்தைப் பயன்படுத்தினால் அதன் பொருளையும் தானே சொல்லிவிடும் என்று அதே பள்ளியில் பயின்ற கிறிசோஸ்தோம் ஏசாயா 5-இன் திராட்சைத் தோட்டத்தைக் காட்டி விளக்குவது, இன்றைக்கும் ஒவ்வொரு பிரசங்கியாரும் மனதில் வைக்கவேண்டிய விதி.

ஏட்டுவாசகர்:

அலெக்சாந்திரியா, அந்தியோகியா என்ற இந்த இரு பள்ளிகளையும் எதிரெதிர்த் துருவங்களாக்கிவிட வேண்டாம். உருவகம் எந்த அளவுக்கு ஏற்கப்பட்டது என்பதை அறிய நல்ல சமாரியன் உவமை ஒன்றே போதும். லூக்கா நற்செய்தி பற்றிய 34-ஆம் மறையுரையில் ஒரிகன், மூப்பர் ஒருவர் சொன்னதாக இதைத் தருகிறார்: கள்ளர் கையில் அகப்பட்டவன் ஆதாம், எருசலேம் பரதீசு, எரிகோ இவ்வுலகம், குரு திருச்சட்டம், லேவியன் இறைவாக்கினர், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை. சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு தெனாரியங்கள் தந்தையும் மகனும். இரனேயுவும் இரண்டு காசுகளில் தந்தையும் மகனுமாகிய முத்திரையைக் கண்டவரே. இரு நூற்றாண்டுகள் கழித்து வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் ஏறக்குறைய இதே விளக்கத்தைத் தருகிறார். ஆனால் அவரிடம் அந்த இரண்டு காசுகள் இறையன்பு, பிறரன்பு என்ற இரண்டு கட்டளைகளாகவும், சத்திரக்காரன் திருத்தூதர் பவுலாகவும் மாறிவிட்டார்கள்.

இந்த மாற்றம் யாரையும் கலங்கவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு காசு எது என்பதில் ஒருமித்த கருத்து வேண்டும் என்று எவரும் சங்கம் கூட்டவில்லை. விசுவாசப் பிரமாணம் வேலியாக இருந்ததே தவிர, வேலிக்குள் எந்தப் பயிரை நடவேண்டும் என்று அது சொல்லவில்லை. இந்த இழையின் முதல் பதிவில் விடுபட்டது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: தவறான விளக்கத்தை விலக்கும் கருவி அவர்களிடம் இருந்தது, ஒரே சரியான விளக்கத்தைத் தேர்ந்து தரும் கருவியை அவர்கள் தேடவே இல்லை.

மறைநூல்மாணவி:

அப்படியானால் வேலிக்குள் எது நல்ல விளக்கம், எது மோசமான விளக்கம் என்று பிரிப்பதற்கு எதுவுமே இல்லையா ஐயா?

ஏட்டுவாசகர்:

இருக்கிறது. அகுஸ்தீனின் 'கிறிஸ்தவப் போதனை' என்ற நூல் அதற்காகவே எழுதப்பட்டது. 396-ஐயொட்டித் தொடங்கி, மூன்றாம் நூலின் நடுவில் நிறுத்தி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின் 426, 427-இல் அவர் அதை முடித்தார். மொழியறிவு வேண்டும், பிரதிகளை ஒப்பிட வேண்டும், விலங்கு, மரம், எண், இசை பற்றிய பொது அறிவும் வேண்டும், தெளிவான இடங்களைக் கொண்டு தெளிவற்ற இடங்களை விளக்க வேண்டும் என்று நடைமுறை வழிகளை விரிவாகச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கடவுளையும் அயலாரையும் நேசிக்கும் அன்பைக் கட்டியெழுப்பாத விளக்கத்தைக் கொண்டவன் திருமறையை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்கிறார்.

அதோடு அவர் நிற்காததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நூலாசிரியர் எண்ணாத பொருளைக் கொண்டாலும் அன்பையே வந்தடைந்த ஒருவன், வழிதவறி வயல் குறுக்கே நடந்து, சாலை போகும் அதே ஊருக்கு வந்து சேர்ந்தவனைப் போன்றவன். ஆனாலும் அவனைத் திருத்தத்தான் வேண்டும், ஏனெனில் வழிதவறும் பழக்கம் அவனை ஒருநாள் வேறு திசைக்குக் கொண்டுபோய்விடும் என்று எச்சரிக்கிறார். அதே மூன்றாம் நூலில், தீக்கோனியுஸ் வகுத்த ஏழு விதிகளை அகுஸ்தீன் விளக்கிப் பரிந்துரைக்கிறார். தீக்கோனியுஸ் தோனாத்துசின் பிரிவைச் சேர்ந்தவர். அகுஸ்தீன் ஆண்டுக்கணக்காக எதிர்த்துப் போராடிய பிரிவு அது. குறைகளைச் சுட்டிக்காட்டியபடியே எதிர்முகாமின் நூலைப் படிக்கச் சொன்ன அந்தப் பெருந்தன்மை, நம் விவாதங்களில் காணக் கிடைப்பதில்லை.

பொருநை:

அகுஸ்தீனை நானும் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் வேலி என்ற பேச்சில் எனக்கு இன்னும் ஒரு நெருடல் இருக்கிறது. வேலி எங்கே இருக்கிறது என்பதே சண்டையானால்? நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ் தம் ஆயரான அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதம், இது எங்கள் முன்னோரிடமிருந்தும் உம்மிடமிருந்தும் கற்ற விசுவாசம் என்றே தொடங்குகிறது. நீதிமொழிகள் 8:22-இல் ஞானம் பேசுகிறது, அந்த ஞானம் கிறிஸ்துவே என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அவர்கள் வாசித்த கிரேக்கப் பாடத்தில் 'கர்த்தர் என்னைப் படைத்தார்' என்று இருந்தது. அப்படியானால் குமாரன் படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் எளிதாக முடித்துவிட்டார். இரனேயுவின் பிரமாணத்தை வார்த்தை மாறாமல் அறிக்கையிட ஆரியுஸுக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது.

வைகைக்கரை:

இந்தத் தடைக்கு முழுமையான விடை இரனேயுவிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆரியுஸை எதிர்த்த அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுஸ் அந்த வசனத்தை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆரியுஸ் கூட்டத்தாருக்கு எதிரான தம் இரண்டாவது வாதவுரையில் பெரும்பகுதியை அவர் இந்த ஒரே வசனத்துக்காகச் செலவிடுகிறார். இது நீதிமொழி, ஆகவே நேர்ச்சொல்லாக அல்லாமல் மறைமொழியாகவே வாசிக்கப்பட வேண்டும் என்று தொடங்கி, அங்கே பேசப்படுவது வார்த்தையானவர் மனிதரானதைப் பற்றியது என்கிறார். மூன்றாவது வாதவுரையில் அதற்கு அடிப்படையைத் தருகிறார்: மீட்பரைப் பற்றி வேதம் முழுவதும் இரட்டைச் செய்தி ஓடுகிறது, அவர் என்றென்றும் தேவனாக இருக்கிறார், பின்பு நமக்காக மாம்சமானார். பசித்தார், அழுதார், படைக்கப்பட்டார் என்பவை இரண்டாவதற்கு உரியவை. ஆதியிலே வார்த்தை இருந்தது என்பது முதலாவதற்கு உரியது. தனி வசனத்தை முழு வேதத்தின் நோக்கத்துக்குள் வைத்து வாசிக்கும் இரனேயுவின் வழிதான் இது. அத்தனாசியுஸ் அதை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறார்.

ஆனால் அந்த விளக்கம் மட்டுமே வழக்கை முடிக்கவில்லை என்பதும் உண்மை. 325-இல் நிசேயாவில் வேதத்தில் இல்லாத ஒரு சொல்லை, 'பிதாவோடு ஒரே தன்மையுடையவர்' என்பதை, அறிக்கையில் சேர்க்கவேண்டியிருந்தது. வேத வார்த்தைகளை மட்டும் கொண்டு எழுத முயன்றபோது ஆரியுஸின் ஆதரவாளர்கள் ஒவ்வொன்றுக்கும் தங்கள் பொருளைக் கொடுத்து ஏற்றுக்கொள்ளத் தயாராயிருந்தார்கள் என்று அத்தனாசியுஸே காரணம் சொல்கிறார். அதன் பிறகும் பேரரசர்கள் மாற மாறச் சங்கங்களும் மாறின, அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார், 381-இல் கான்ஸ்தாந்திநோபிளில்தான் அந்த அறிக்கை நிலைபெற்றது. வேலியின் ஒரு கம்பத்தை ஊன்ற அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது என்று பொருநை சொன்னால் அதை நான் மறுக்கமாட்டேன். நீதிமொழிகள் 8:22-க்கு அத்தனாசியுஸ் தந்த விளக்கம் அந்த வசனத்துக்கே பொருந்துகிறதா என்பதைத் தனி இழையில் பேசலாம். எபிரேய மூலத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் அதில் முதலில் எழுதினால் நல்லது.